மாமியின் குசினிக்குள் ஒரு மருமகன்

போன சனிக்கிழமை காலை, சந்தையில் வைத்து ஒரு வாசகி என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

என் கையில் கணவாய் இருந்தது. அதுவும் பெரியது வேண்டாம், வெந்தால் இழுபடும், சின்னதாகப் பார்த்துப் போடுங்கள் என்று மீன்காரரிடம் வியாக்கியானம் வேறு செய்துகொண்டிருந்தேன். பின்னால் சைக்கிள் பிறேக் பிடிக்கிற சத்தம்.

"நீங்கள் கடைசிப் பக்கத்திலை எழுதிறவர் எல்லே?"

"ஓம்."

"கத்தரிக்காயைக் கண்டால் காததூரம் ஓடுவன் எண்டு எழுதினவர்?"

"ஓம்... எழுதினனான்."

"மீன் மணத்துக்குப் பயந்து சந்தைப் பக்கமே வராத மனுசன்?"

நான் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவர் என் பையை எட்டிப் பார்த்தார்.

"அப்ப உது என்ன?"

மீன்காரர் என்னைக் காப்பாற்ற வந்தார். வந்து இன்னும் மாட்டிவிட்டார். "அக்கா, ஐயா போன கிழமை நண்டெல்லே கொண்டுபோனவர். தானே உடைச்சுச் சமைக்கிறவராம்."

வாசகி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சோதனைத்தாளில் பார்த்து எழுதிய பொடியனைப் பிடித்த ரீச்சரின் பார்வை. உண்மையிலேயே ரீச்சராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். "இவ்வளவு நாளும் எங்களுக்குப் பேக்காட்டினனீங்களோ? சரி, உதையும் ஒருக்கால் எழுதுங்கோவன்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

எழுதுகிறேன். தாள் தட்டுப்பாட்டால் பள்ளிக்கூடக் கொப்பித்தாளில், கோடுகளுக்கு மேலேயே அச்சடித்து, எத்தனையோ பேர் கைமாற்றி வாசிக்கிற பேப்பர் இது. இந்த நாளில் அதில் இவ்வளவு இடத்தை ஒரு மனிதனின் நாக்குக்கு ஒதுக்கலாமா? ஒதுக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்த நாக்கு ஒரு குடும்பத்தையே இரண்டாக்கப் பார்த்தது.

புதிதாக வாசிப்பவர்களுக்காக, முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தைந்து வயது வரை நான் சாப்பிட்டவை இவ்வளவுதான்: சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், ஓரம் கருகப் பொரித்த முட்டை. கத்தரிக்காய் — உள்ளே விதை. வெண்டிக்காய் — வழுவழுப்பு. பாகற்காய்... அந்தப் பேச்சே வேண்டாம். முருங்கைக்காயைச் சப்பித் துப்புகிற வேலையை மனிதர்கள் ஏன் விரும்பிச் செய்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. மீனில் முள். றாலில் மீசை. நண்டை நான் பார்த்தால் அது என்னைத் திருப்பிப் பார்க்கும். சொதியில் மிதக்கிற வெங்காயத்தைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கோப்பையின் விளிம்பில் அடுக்கிய பிறகுதான் எனக்குச் சாப்பாடு தொடங்கும்.

கொழுப்பு என்பார்கள். செல்லம் கூடிப்போச்சு என்பார்கள். இல்லை ஐயா, பயம். என்னவென்று தெரியாத ஒன்று வாய்க்குள் போனால் என் தொண்டை தன்பாட்டில் கதவைச் சாத்திவிடும். திறக்கச் சொல்லிக் கெஞ்சினாலும் திறக்காது. வெட்கம்தான். வெட்கத்தை மறைக்கப் பகிடியாக்கி இந்தப் பக்கத்தில் எழுதினேன். நீங்களும் சிரித்தீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன் — கலியாணம் என்று ஒன்று நடக்காமல் இருந்திருந்தால்.

ஜெசிந்தா எங்கள் கந்தோரில் எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தவள். குருநகர்ப் பிள்ளை. தகப்பன் இல்லை. அண்ணன் அன்ரன் கடலுக்குப் போகிறவர். நான் கொக்குவில். அவள் போகிற கோயில் வேறு, நான் போகிற கோயில் வேறு. எங்கள் குடாநாட்டில் இதற்குமேல் விளக்கம் எழுதத் தேவையில்லை. கலியாணத்துக்கு என் பக்கத்தில் ஒரு குருவிகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எங்களுக்கும் தெரியும், ஜெசிந்தாவின் வீட்டாருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முதல் விருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலேரிப் பக்கம் பார்த்த சின்ன வீடு. வாசலில் வலை காய்ந்தது. தண்ணீரில் விழுந்த வெயில் துள்ளி வந்து, அறையின் முகட்டில் அசைந்துகொண்டே இருந்தது. கதிரையில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, இந்த வீட்டுக்குள் எதுவும் பிழையாகப் போகாது என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு சாந்தமாக இருந்தது.

பிறகு சாப்பாடு வந்தது.

நண்டுக் குழம்பு. கணவாய்ப் பிரட்டல். முருங்கைக்காய் போட்ட றால் கறி. மீன் சொதி. அது சண்டையால் கடலில் தூரம் போக முடியாத காலம். கரையோரத்தில் தடி நட்டு வலை கட்டி, அதில் வந்து படுகிறதைத்தான் அன்ரன் பிடித்துக்கொண்டு வருவார். அதில் நல்லதையெல்லாம் விற்காமல் எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். மாமி குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றார். புது மருமகனுக்கு முன்னால் வர வெட்கம். சேலைத் தலைப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"சாப்பிடுங்கோ மச்சான், வெக்கப்படாதேங்கோ" என்றார் அன்ரன்.

நான் நண்டைப் பார்த்தேன். நண்டு என்னைப் பார்த்தது.

"வயித்துக்குச் சரியில்லை" என்றேன்.

ஐயோ பாவம் என்று பதறினார்கள். அன்ரன் ஓடிப்போய் ஒரு கலர் சோடாவும் இரண்டு வாழைப்பழமும் வாங்கிவந்தார். சீனிக்கே தட்டுப்பாடான நாளில் சோடாவை எங்கே தேடிப் பிடித்தாரோ தெரியாது. நான் சோடாவைக் குடித்தேன். பழத்தைச் சாப்பிட்டேன். நன்றி சொன்னேன். நல்ல மருமகன் என்று பெயர் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த முறை வயிற்றைச் சாட்ட முடியாது. போகிற வழியிலேயே யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். "இண்டைக்கு நான் மீன் மச்சம் தின்னுறேல்லை. விரதம்."

"ஞாயிற்றுக்கிழமையிலை என்ன விரதம் மச்சான்?"

"அது... எங்கடை ஆக்களுக்கு ஒரு விரதம்."

எங்கடை ஆக்களுக்கு! அந்தச் சொல் எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்ற சேலைத் தலைப்பு உள்ளே போனது. மறுபடியும் சோடா. மறுபடியும் வாழைப்பழம்.

ஆனால் மாமி லேசில் விடுகிற ஆள் இல்லை. மருமகன் மச்சம் புழங்கிய சட்டியில் சாப்பிடமாட்டார் போலிருக்கிறது, அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வரச் சொல்லி ஆள் விட்டார். போனோம். முற்றத்தில் மூன்று கல் வைத்துப் புதிதாக ஒரு அடுப்பு. அதில் புத்தம்புதுச் சட்டிகள். புது அகப்பை. காலையில் அன்ரன் பிடித்த மீனைக் கரையிலேயே விற்றுவிட்டாராம், வீட்டுப் படலைக்குள் கொண்டுவரவில்லையாம். மாமி தலைமுழுகி, ஈரத் தலைமயிரை முடிந்துகொண்டு சமைத்திருந்தார். கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்த மனுசி, எனக்காகத் தன் வீட்டிலேயே ஒரு நாள் முழுக்க மீனைத் தொடாமல் இருந்திருக்கிறார்.

வாழையிலை விரித்தார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி. வெண்டிக்காய்க் குழம்பு. பாகற்காய்ப் பொரியல். முருங்கையிலை வறை. என்னுடைய எதிரிகள் அத்தனை பேரும் ஒரே இலையில்!

பருப்பு? வெளியிலிருந்து சாமான் வராத காலத்தில் பருப்புக்கு எங்கே போவது?

முயற்சி செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். கத்தரிக்காயில் ஒரு துண்டை எடுத்துச் சோற்றுக்குள் மறைத்து வாயில் வைத்தேன். விதை நாக்கில் பட்டது. தொண்டை கதவைச் சாத்தியது. எழுந்து வேலிக்கரைக்கு ஓடினேன். வாயைக் கழுவிவிட்டு வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல், கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"சோடா இருக்கோ?"

 ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது அவள் சைக்கிள் கரியரில் இருந்தாள். எப்போதும் என் முதுகுச் சேட்டைப் பிடித்துக்கொள்கிறவள், அன்று சைக்கிள் சீற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"இனி உங்களைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாமெண்டு அம்மா சொன்னவ."

"ஏன்?"

"ஏனோ? சோடாவும் வாழைப்பழமும் ஆர், ஆரின்ரை வீட்டிலை வாங்கிறது? உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். இந்த மண்ணில் பிறந்த எவருக்குத் தெரியாது? ஒரு வீட்டுக்குப் போகவும் வேண்டும், ஆனால் அந்த வீட்டுத் தண்ணீர்கூட உதட்டில் படக்கூடாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்றே கண்டுபிடித்த மரியாதைதான் மூடி உடைக்காத சோடாவும் தோல் உரிக்காத பழமும். அந்த வீட்டுக் கை அதில் படவில்லை, பாருங்கள்! என் சொந்தக்காரர் எத்தனை பேர் அப்படிக் குடித்ததை நானே பார்த்திருக்கிறேன். பார்த்து மனதுக்குள் திட்டியும் இருக்கிறேன். கடைசியில் அதையே நானும் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மச்சச் சட்டி வேண்டாம் என்றால் விரதம் என்று வைத்துக்கொள்ளலாம். புதுச் சட்டியும் வேண்டாம் என்றால்? பிழை சட்டியில் இல்லை, சமைத்த கையில் என்றுதானே அர்த்தம்.

"ஜெசி, எனக்கு அப்பிடி ஒண்டுமில்லை. உமக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியும். அம்மாவுக்கு என்னெண்டு தெரியும்? தலைமுழுகிப்போட்டுச் சமைச்சவ. உங்களுக்காக." அவளுக்குக் குரல் உடைந்தது. "நான் போவன். அம்மாவை விடமாட்டன். நீங்கள் வரவேண்டாம். ஆனால் ஒண்டு சொல்லுங்கோ... நாளைக்கு எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதுவும் அந்த வீட்டிலை சோடாதானோ குடிக்கும்?"

அழுதாள். நானும்தான் அழுதேன். எழுதுவதற்கு ஒரு வெட்கமும் இல்லை.

அடுத்த நாளே கடற்கரைக்குப் போனேன். அன்ரன் மணலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நேராகவே சொல்லிவிட்டேன்.

"மச்சான், நான் ஒரு வித்தியாசமும் பாக்கிற ஆள் இல்லை. எனக்குக் கத்தரிக்காய் இறங்காது. அவ்வளவுதான்."

அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இறங்காதோ?"

"இறங்காது."

"முப்பத்தைஞ்சு வயசு ஆம்பிளைக்கு... கத்தரிக்காய் இறங்காது?"

"ஓம்."

அவர் மறுபடியும் ஊசியை எடுத்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "மச்சான், பொய் சொல்லுறதெண்டாலும் கொஞ்சம் நல்லதாச் சொல்லுங்கோ."

பாருங்கள் என் நிலைமையை! விரதம் என்று பொய் சொன்னேன், நம்பினார்கள். உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா தனியாகத் தாய்வீட்டுக்குப் போனாள். நான் வீட்டில் தனியாக. பருப்பு ரின் காலி. உருளைக்கிழங்கு இல்லை. கடகத்துக்குள் நாலைந்து கத்தரிக்காய் மட்டும் கிடந்தது. பசி. கோபம். கத்தரிக்காய் மேல் கோபம், என் மேல் கோபம், என் தொண்டை மேல் கோபம். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன்.

முப்பத்தைந்து வருடங்களில் ஒரு கத்தரிக்காயை நான் கையில் எடுத்ததே அதுதான் முதல் தடவை.

ஊதா என்று நினைத்திருந்தேன். ஊதா இல்லை. மழை வரப்போகிற பின்னேரத்தில் வானத்தின் ஓரத்தில் ஒரு நிறம் வருமே... அது. காம்புக்குப் பக்கத்தில் பச்சை கலந்த வெள்ளை. தோலில் என் விரலின் நிழல் தெரிந்தது. கத்தியை வைத்தால், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சின்னப் பெருமூச்சுச் சத்தம். உள்ளே வெள்ளைவெளேர் என்று பஞ்சு. நான் இத்தனை காலம் பயந்த விதைகள், வட்டமாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகச் சாதுவாக இருந்தன. தண்ணீரில் போட்டேன். மிதந்தன. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது.

பிறகு சமைக்கிறேன் என்று தொடங்கி, சட்டியைக் கரியாக்கிவிட்டேன் என்பது வேறு கதை.

பின்னேரம் ஜெசிந்தா வந்தாள். வீடு முழுக்கப் புகை. குசினியில் மூக்கெல்லாம் கரியோடு நான். அடுப்பில் கருகிய சட்டி. ஒரு நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள், சிரிக்கத் தொடங்கினாள். "விசரே உங்களுக்கு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு. அதற்காகவே இன்னும் நாலு சட்டியைக் கருக்கலாம் போலிருந்தது.

"தேங்காயைத் திருவுங்கோ" என்றாள். "முதல் பால் வேறை, ரெண்டாம் பால் வேறை. கலந்து போடாதேங்கோ."

அப்படித்தான் தொடங்கியது. கந்தோர் முடிந்து வந்த பின்னேரங்களிலும், சனி ஞாயிறு மத்தியானங்களிலும். அந்த மத்தியானங்கள் இப்போதும் எனக்குக் கனவு மாதிரித்தான் நினைவில் இருக்கின்றன. எங்கள் குசினிக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக வெயில் இறங்கி, புகைக்குள் மெல்ல மெல்ல நகரும். வெயில் அம்மியைத் தொடுகிறபோது சோறு வெந்திருக்கும். திருவலையைத் தொடுகிறபோது கறியை இறக்கலாம். மணிக்கூடு தேவையில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காது, பொச்சுமட்டைதான் விறகு. பின்வளவுக்கு அங்காலே ரயில் ஓடாத ரயில் பாதையில் ஆடுகள் மேயும். தேங்காய்ப்பால் கொதி வருகிற நேரம் சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வரும்... அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் வெளியே என்ன நடக்கிறது என்பதே மறந்துபோகும். அந்த நாட்களில் மறப்பதற்கு நிறைய இருந்தது, உங்களுக்கும் தெரியும்.

ஜெசிந்தா ஒரு நாளும் "சாப்பிடுங்கோ" என்று சொல்லவில்லை. கெட்டிக்காரி. "உப்புப் பாருங்கோ" என்று மட்டும்தான் சொல்வாள்.

உப்புப் பார்ப்பது சாப்பாடு இல்லையே! அது வேலை. சமைக்கிறவன் செய்யத்தானே வேண்டும்? அகப்பையால் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு, நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன். தொண்டைக்குச் சேதியே போகவில்லை. இன்னொரு துளி. கொஞ்சம் காணாது, போதவில்லை. உப்புப் போட்டு மறுபடியும் ஒரு துளி. அடுத்த கிழமை, கத்தரிக்காய் வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு ஓரம். அதற்கடுத்த கிழமை, உறைப்பு ஏறியிருக்கிறதா என்று ஒரு துண்டு. ஒரு நாள் பார்த்தால், உப்புப் பார்த்துப் பார்த்தே கால்வாசிச் சட்டியை முடித்திருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். என்ன நடந்தது? நான் வெட்டியது. நான் கழுவியது. உள்ளே என்ன இருக்கிறது, அது எப்போது குழைந்தது, எந்த நேரம் பால் விட்டேன் என்று எல்லாம் தெரியும். அறிமுகமான ஆள் படலையைத் தட்டினால் நாம் திறப்பதில்லையா? என் தொண்டையும் அப்படித்தான் திறந்தது.

மீனும் அப்படித்தான் வந்தது. கணவாயின் தலையைப் பிடித்து இழுத்தால் உள்ளேயிருந்து கண்ணாடி மாதிரி ஒரு எலும்பு வரும். மைப்பை உடைந்தால் சட்டித் தண்ணீருக்குள் கறுப்பு மேகம் ஒன்று விரியும். அந்த மேகம் கலைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்ததில் பயப்பட மறந்துவிட்டேன். நண்டு மட்டும் பழையபடி என்னைப் பார்த்தது. ஆனால் இப்போது பயம் அதற்குத்தான்.

பாகற்காய்? இன்னும் இல்லை. மனுசனுக்கு ஒரு எதிரியாவது வேண்டாமா?

மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை தாய்வீட்டுக்குப் புறப்பட்ட ஜெசிந்தா படலையில் நின்று சொன்னாள்: "நாளைக்குப் பூசை முடியிற நேரம் வாங்கோ. வந்து சாப்பிடுங்கோ. அது காணும்."

அது காணும் என்றுதான் சொன்னாள். கேட்டேனா? எனக்குத் தலைக்கேறிவிட்டது. சும்மா போய்ச் சாப்பிடுவதா? நான் சமைப்பேன்! மாமியின் குசினியிலேயே சமைத்து எல்லோரையும் அசத்துவேன்! ஞாயிறு காலை கணவாய், தேங்காய், நானே வறுத்து இடித்த தூள் எல்லாவற்றையும் பையில் போட்டேன். புதிதாகச் சமைக்கப் பழகியவனுக்குத் தன் சட்டியில்தானே கை ஓடும்? என்னுடைய சட்டியையும் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

வாசகர்களே, நீங்கள் இப்போது தலையில் கை வைக்கிறீர்கள். எனக்குத் தெரிகிறது. அன்று எனக்குத் தெரியவில்லையே!

கடற்கரை வீதி நெடுகிலும் இளவெயில். கடலேரி பால் மாதிரி அசையாமல் கிடந்தது. பாட்டுப் பாடிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகக் குசினிக்குள் நுழைந்தேன். மருமகன் குசினிக்குள் வருவது எந்த வீட்டில் நடக்கும்? மாமி அடுப்படியில் குந்தியிருந்தவர், திடுக்கிட்டு எழுந்தார். அன்றுதான் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். ஜெசிந்தாவின் அதே நெற்றி.

"மாமி, இண்டைக்கு நான் சமைக்கிறன்" என்று சொல்லி, பையிலிருந்து முதலில் சட்டியைத்தான் எடுத்து வைத்தேன்.

மாமி சட்டியைப் பார்த்தார். வாசலில் வந்து நின்ற அன்ரனும் சட்டியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சட்டியும் கொண்டுவந்திட்டியளோ தம்பி" என்றார் மாமி. மிகவும் மெதுவாக. "தண்ணியும் கொண்டுவந்திருக்கலாமே."

அப்போதுதான் அந்தச் சட்டி என் கண்ணில் பட்டது. அந்த வீட்டாரின் கண்ணால் அதைப் பார்த்தேன். தங்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், தாங்களே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் யார், எந்த வீடுகளில்?   என்னத்தைச் சொல்வது? கத்தரிக்காய் இறங்காது என்று மறுபடியும் சொல்வதா? இனி இந்த வீட்டுக்கு வர எனக்கு வழியே இல்லை என்று நினைத்தேன். ஜெசிந்தா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைத்தேன்.

அடுப்பில் மாமியின் மீன்கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் குமிழ் வந்துவிட்டது. இறக்குகிற பதம்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்துச் செய்யவில்லை. கை பழகிவிட்டது. குனிந்து மாமியின் அகப்பையை எடுத்தேன். மாமியின் சட்டிக்குள் விட்டு, ஒரு துளி உள்ளங்கையில் ஊற்றி, நக்கினேன். அதே வேகத்தில் வாயும் பழகிய வார்த்தையைச் சொல்லிவிட்டது.

"உப்புக் காணாது மாமி."



"என்ன சொன்னனீ?"

நீ! தம்பி, நீங்கள் என்று கதவுக்குப் பின்னால் நின்று கதைத்த மனுசி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்தார்.

"என்ரை கறியிலை உப்புக் காணாதோ? பொம்பிளையாப் பிறந்த நாள் தொடக்கம் மீன் கறி வைக்கிறன். இந்தக் கரையிலை ஒருத்தரும் என்னை அப்பிடிச் சொன்னேல்லை! இஞ்சை கொண்டா அகப்பையை!"

பிடுங்கினார். தன் உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கினார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உப்புச் சிரட்டையை எட்டி எடுத்து ஒரு கிள்ளுப் போட்டுக் கிளறினார்.

அன்ரன்தான் முதலில் சிரித்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மா தோத்துப்போனா!"

"பொத்தடா வாயை. மனுசனுக்கு ஒரு பலகையைப் போடு."

குசினி நிலத்தில், பலகையில் இருந்து சாப்பிட்டேன். மாமியின் சட்டி. மாமியின் கை. முதல் வாய் போகிற வரைக்கும் மாமி கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். போனது. முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். மாமி சோறு போட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அடுப்புப் புகை என்றார். நானும் புகை என்றுதான் சொன்னேன்.

எல்லாக் கதையும் பிறகு சொன்னேன். தொண்டையின் கதை, விரதப் பொய், கருகிய சட்டி எல்லாம். "கத்தரிக்காய் இறங்காதெண்டு முதலே சொல்லியிருக்கலாமே?" என்றார் மாமி.

"அன்ரனிட்டைச் சொன்னனான் மாமி. அவர் நம்பேல்லை."

"உவன் எதைத்தான் நம்பினவன்."

நான் கொண்டுபோன கணவாயை மாமி தன் சட்டியில் சமைத்தார். நான் கொண்டுபோன சட்டியில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தார். இன்றும் அதிலேதான் அவை குடிக்கின்றன.

ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கு, மிச்சம் நல்லாயிருக்கு என்று சொல்பவன் விருந்தாளி. அவனுக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் தெரியாது. குறை சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் அதே பலகையில் இருக்கிறவன் வேறு ஜாதி மனுசன். மன்னிக்கவும், அந்தச் சொல்லை இந்த ஒரு இடத்திலாவது நல்லதுக்குப் பாவிக்கிறேன்.

ரீச்சர் அக்கா பார்த்த கணவாயும் அங்கே போகத்தான் வாங்கியது. ஞாயிறு மத்தியானம் வழக்கம்போலப் பலகையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பூசை முடிந்து மாமியின் சொந்தக்காரர் ஒரு பட்டாளம், சொல்லாமல் கொள்ளாமல் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டது. மாமி சட்டியைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நீ எழும்பு. வந்த சனம் முதல்லை சாப்பிடட்டும். நீயும் அன்ரனும் பேந்து பாப்பம்."

எழும்பினேன். வந்தவர்கள் விரல் நக்கிச் சாப்பிட்டார்கள். நல்லாயிருக்கு, மிச்சம் நல்லாயிருக்கு என்றார்கள். அன்ரனும் நானும் பின்வாசலில் இருந்து, சட்டிக்குள் சோற்றைப் போட்டு வழித்து ஆளுக்கு இரண்டு வாய் தின்றோம். ஒட்டியிருந்த கடைசிக் கணவாய்த் துண்டுக்கு இரண்டு பேரும் சண்டை பிடித்தோம். அன்ரன் வென்றார்.

பின்னேரம், கடற்கரை வீதியால் வீட்டுக்கு வருகிறோம். கரியரில் இருந்த ஜெசிந்தா என் சேட்டை இழுத்தாள். "வயிறு நிரம்பினதே?"

இல்லை என்றேன். எவ்வளவு சந்தோசமாக அதைச் சொன்னேன் தெரியுமா? பிறந்ததிலிருந்து அன்றுதான் எனக்கு ஒரு வீட்டில் சாப்பாடு போதாமல் போனது.